கீபோர்டு கட் ஆகிறதா? முதலில் செல்லைக் கழற்றிப் பாருங்கள்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. வயர் இல்லாத கீபோர்டு லேப்டாப்போடு நிற்க மாட்டேன் என்கிறதாம். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடலாம் என்று பார்த்தால், கடிதங்களைப் படிக்கப் படிக்க ஒவ்வொரு வீட்டிலும் கோளாறு ஒவ்வொரு இடத்தில் இருக்கிறது. அதனால் தனித்தனியாகவே சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

தங்கச்சிமடம் வாசகர்: விசைப்படகுக்காரர்களுக்கு டீசல் கணக்கு, தடைக்கால நிவாரண மனு எல்லாம் டைப் செய்து கொடுக்கிறேன். கடல் எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரம். என் வயர்லெஸ் கீபோர்டு இரண்டு வரி அடிப்பதற்குள் நின்றுவிடுகிறது, அடியில் ஒரு தட்டு தட்டினால் மறுபடி வருகிறது. புது செல் போட்டும் அப்படியேதான். வேறு கீபோர்டு வாங்கிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கிவிடவா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். தட்டினால் சரியாகிற கோளாறு பெரும்பாலும் லேப்டாப்பில் இருக்காது. கீபோர்டுக்குள் எங்கோ ஒரு உலோகம் இன்னொரு உலோகத்தோடு சரியாக ஒட்டாமல் இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் ஊரில் அது எங்கே என்று பெரிதாகத் தேடவும் வேண்டாம். கீபோர்டைத் திருப்பி, செல் போடும் மூடியைத் திறந்து, செல்லைக் கழற்றிவிட்டு, அந்த ஸ்பிரிங்கையும் எதிர்ப்பக்கத் தகட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பிரிங்கின் அடிவளையத்தில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும், அல்லது வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி படிந்திருக்கும். இரண்டும் ஒன்றில்லை, அதனால் துடைக்கும் முறையும் வேறு.

பச்சையாக இருந்தால் அது பெரும்பாலும் உப்புக்காற்றின் வேலை. ஸ்பிரிங்கின் மேல் இருக்கும் மெல்லிய நிக்கல் பூச்சு எங்காவது விட்டுப்போனால் உள்ளே இருக்கிற செம்பு சேர்ந்த உலோகம் ஈர உப்பில் அரிக்கத் தொடங்கும். பென்சில் அழிக்கிற ரப்பரால் மெதுவாகத் தேய்த்தாலே போய்விடும். அப்புறம் காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிடுங்கள், செல்போன் சர்வீஸ் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். உப்புத்தாளை மட்டும் எடுக்காதீர்கள். தேய்த்ததும் பளபளவென்று ஆகும், சந்தோஷமாக இருக்கும், ஆனால் மிச்சமிருந்த பூச்சும் போய் அடுத்த மழைக்குள் இதைவிட மோசமாகிவிடும்.

வெள்ளையாக இருந்தால் பழைய செல் ஒன்று கசிந்திருக்கிறது. ஆல்கலைன் செல்லுக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கையில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. ஆகவே ஒரு பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொண்டு, பஞ்சுக்குச்சியில் இரண்டு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டு அந்த இடத்தில் வையுங்கள். லேசாக நுரைக்கலாம். அடங்கியதும் ஈரத்துணியால் துடைத்து, ஆல்கஹாலால் ஒரு முறை துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு செல் போடுங்கள். நகப்பூச்சு அழிக்கிற திரவம் வீட்டில் இருக்கிறதே என்று அதை ஊற்றிவிடாதீர்கள், அதில் அசிட்டோன் இருந்தால் பிளாஸ்டிக்கே இளகிவிடும்.

புது செல் போட்டும் அப்படியேதான் என்று எழுதியிருக்கிறீர்கள், அது ஏன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். செல் புதிதாக இருந்தாலும் நடுவில் களிம்பு இருந்தால் மின்சாரம் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். கீபோர்டு சும்மா இருக்கும்போது மிகக் கொஞ்சமாகத்தான் இழுக்கும், எழுத்தை அனுப்புகிற அந்தக் கணத்தில் கூடுதலாக இழுக்கும். அந்தக் கணத்தில் வோல்டேஜ் சரிந்து உள்ளே இருக்கிற சில்லு நின்றுபோகிறது. ஆகவேதான் சில நேரம் கீபோர்டில் விளக்கு எரிந்தாலும் எழுத்து வருவதில்லை. பெட்டிக்கடையில் கிடைக்கிற விலை குறைந்த கார்பன் ஜிங்க் செல்லிலும் இதே தொல்லை உண்டு. ஆல்கலைன் என்று எழுதியதாகப் பார்த்து வாங்குங்கள், பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள்.

உங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றி நான் மிகைப்படுத்தவில்லை. காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், கடற்கரையில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று சோதித்துப் பார்க்கத் தன் நிலையத்தை மண்டபத்தில்தான் வைத்தது. பாம்பன் பாலத்தின் இரும்பையே தின்கிற காற்றுக்கு ஒரு சின்ன ஸ்பிரிங் எம்மாத்திரம். கடையைப் பூட்டும்போது கீபோர்டை மேசையில் அப்படியே விடாமல், மூடி இறுக்கமாக இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, புதுச் செருப்புப் பெட்டியில் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதில் இரண்டைக் கூடப் போட்டு வையுங்கள். லேப்டாப்பில் குத்துகிற ரிசீவரின் உலோக முனையையும் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள், அதிலும் இதே உப்புதான் படிகிறது.

ராமேஸ்வரம் வாசகர்: போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி போட்டுவிட்டு ஆல்பத்துக்குப் பெயர் அடிக்க உட்கார்ந்தால் கீபோர்டு பைத்தியம் பிடித்தது போல ஆடுகிறது. ஒரு முறை ‘அ’ தட்டினால் ‘அஅஅஅஅ’ என்று ஓடுகிறது, சில எழுத்து வருவதே இல்லை. மற்ற நேரத்தில் நன்றாக இருக்கிறது. செல் மாற்றிவிட்டேன், வைரஸும் பார்த்துவிட்டேன்.

வைரஸ் இல்லை. உங்கள் ஹார்ட் டிஸ்க்தான் கீபோர்டின் குரலை அமுக்குகிறது. கேட்க நம்பும்படியாக இல்லை என்றாலும் இது நன்றாகத் தெரிந்த விஷயம், 2012-லேயே இன்டெல் நிறுவனம் இதை அளந்து ஒரு அறிக்கை வெளியிட்டது.

நடப்பது இதுதான். ரிசீவர் குத்துகிற கீபோர்டுகளில் பெரும்பாலானவையும், புளூடூத் கீபோர்டுகளும், வீட்டு வைஃபையின் ஒரு பாதியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்கிற ஒரே அலைவரிசைப் பகுதியில்தான் பேசிக்கொள்கின்றன. யு.எஸ்.பி. 3.0 ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தகவலை அனுப்பும்போது, அதன் வயரிலிருந்தும் பிளக்கிலிருந்தும் அதே 2.4 பகுதியில் இரைச்சல் கசிகிறது. அந்த பிளக்குக்குப் பக்கத்து ஓட்டையில் விரல்நகம் அளவு ரிசீவர் உட்கார்ந்திருக்கிறது. மீன் ஏலம் உச்சத்தில் இருக்கும்போது கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவர் மெதுவாகப் பேசினால் காதில் விழுமா? கீபோர்டு அனுப்புவது மிகச் சன்னமான அலை. அது தொலைந்துபோகிறது.

‘அ’ ஏன் ஓடுகிறது என்பதும் இதனால்தான். நீங்கள் விசையை அழுத்தும்போது ஒரு செய்தி போகும், விரலை எடுக்கும்போது இன்னொரு செய்தி போகும். அழுத்திய செய்தி வந்து சேர்ந்து, எடுத்த செய்தி இரைச்சலில் தொலைந்தால், நீங்கள் இன்னும் விசையை அழுத்திக்கொண்டே இருப்பதாக லேப்டாப் நினைத்துக்கொள்ளும். அழுத்திய செய்தியே தொலைந்தால் எழுத்து வராது.

சோதிப்பது எளிது. காப்பி ஓடும்போது அடித்துப் பாருங்கள், பிறகு முறைப்படி ‘இஜெக்ட்’ கொடுத்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அடித்துப் பாருங்கள். கழற்றியதும் சரியானால் சந்தேகமே வேண்டாம். அதன்பின் செய்ய வேண்டியது ரிசீவரை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தள்ளி வைப்பது. ஒரு சாதாரண யு.எஸ்.பி. 2.0 எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி, லேப்டாப்பின் மறுபக்கத்தில் குத்தி, அதன் நுனியில் ரிசீவரை மாட்டி, கீபோர்டுக்குப் பக்கத்தில் மேசைமேல் வையுங்கள். உள்ளே நீல நிறம் இருக்கிற ஓட்டை பெரும்பாலும் 3.0, கறுப்போ வெள்ளையோ இருந்தால் பெரும்பாலும் 2.0. எல்லாக் கம்பெனியும் இந்த நிறத்தைக் கடைப்பிடிப்பதில்லை, ஆனாலும் தேட ஒரு வழி. ஹார்ட் டிஸ்க்குக்கு நல்ல, சுற்றிலும் கவசம் உள்ள வயர் போட்டாலும் இரைச்சல் குறையும். ஸ்டூடியோவில் மேசை ஸ்டீல் மேசையாக இருந்து, ரிசீவர் அதற்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தால் அதையும் மேலே கொண்டுவாருங்கள், இரும்பைத் துளைத்துக்கொண்டு இந்த அலை வராது.

வைஃபை ரூட்டர் அதே மேசையில் இருந்தால் அதையும் சுவர்ப்பக்கம் தள்ளுங்கள். ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸும் தருவதாக இருந்தால் லேப்டாப்பை அதில் சேர்த்துவிடுங்கள், 2.4 பகுதியில் நெரிசல் குறையும்.

கீழக்கரை வாசகி: துபாயிலிருந்து மகன் புளூடூத் கீபோர்டு அனுப்பினான். விசைகளில் அரபி எழுத்தும் இருக்கிறது. தையல் வகுப்புக் கணக்கை லேப்டாப்பில் அடித்துக்கொண்டிருக்கும்போதே விட்டுப்போகிறது, ஒரு நாள் நாலைந்து தடவை. பிள்ளைகள் டேப்லெட் வைத்திருக்கும்போதுதான் அதிகம். அரபி கீபோர்டு என்பதால் நம் லேப்டாப்புக்குச் சேரவில்லையா?

அரபி எழுத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். விசையில் என்ன அச்சாகியிருந்தாலும் திரையில் எந்த எழுத்து வர வேண்டும் என்று முடிவு செய்வது லேப்டாப்தான். அதில் தமிழ்99 என்கிற தமிழ் விசை அமைப்பை வைத்திருந்தால் தமிழ் வரும்.

காரணத்தை உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதிவிட்டீர்கள். பிள்ளைகளின் டேப்லெட். இந்த வகைக் கீபோர்டுகள் பலவற்றில் இரண்டு மூன்று கருவிகளை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. மேல்வரிசையில் 1, 2, 3 என்று சின்னதாகப் போட்ட விசைகள் இருக்கிறதா பாருங்கள், சிலதில் ‘எஃப்.என்.’ விசையோடு சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். 1-ல் லேப்டாப்பும் 2-ல் டேப்லெட்டும் இணைந்திருந்தால், விரல் தவறி 2-ன் மேல் பட்டாலே கீபோர்டு அங்கே போய்விடும். அடுத்த முறை விட்டுப்போகும்போது எதையும் தொடாமல் நாலு எழுத்து அடித்துவிட்டு டேப்லெட்டைப் போய்ப் பாருங்கள். யூடியூபில் தேடும் பெட்டியில் உங்கள் தையல் கணக்கு உட்கார்ந்திருந்தால் விஷயம் முடிந்தது.

டேப்லெட்டின் புளூடூத் பட்டியலுக்குப் போய் இந்தக் கீபோர்டை ‘மறந்துவிடு’ என்று கொடுத்துவிடுங்கள். லேப்டாப்பிலும் ஒரு முறை நீக்கிவிட்டு, கீபோர்டில் 1-ஐ விளக்கு வேகமாகச் சிமிட்டும் வரை அழுத்திப் பிடித்து, புதிதாகச் சேருங்கள். சேர்க்கும்போது திரையில் ஆறு இலக்க எண் வந்தால் அதைக் கீபோர்டில் அடித்து, முடிவில் என்டரும் தட்ட வேண்டும். என்டர் தட்டாமல் காத்திருந்துவிட்டு சேரவில்லை என்று நினைப்பவர்கள் நிறைய.

இன்னொன்று. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டுவிட்டு வந்து அடித்தால் முதல் எழுத்து மட்டும் வராமல் போவது கோளாறு இல்லை. செல் மிச்சப்படுத்த அது தூங்கப் போயிருக்கும். ஷிஃப்ட்டை ஒரு தட்டு தட்டி எழுப்பிவிட்டு அடியுங்கள்.

தொண்டி வாசகர்: கரண்ட் இருக்கும்வரை கீபோர்டு நன்றாக வேலை செய்கிறது. கரண்ட் போனதும் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ஆனால் கீபோர்டு போய்விடுகிறது.

நல்ல கவனிப்பு, பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். முதலில் ரிசீவரை எதில் குத்தியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரு ஓட்டையைப் பல ஓட்டையாக்கித் தருகிற, தனி அடாப்டர் போட்ட யு.எஸ்.பி. ஹப்பில் குத்தியிருந்தால் கரண்ட் போனதும் ஹப்பே படுத்துவிடும், ரிசீவரை நேராக லேப்டாப்பில் குத்துங்கள். நேராகத்தான் குத்தியிருக்கிறது என்றால், பேட்டரிக்கு மாறியதும் விண்டோஸ் சிக்கனம் பார்த்து அந்த ஓட்டையில் இருக்கிற ரிசீவரைத் தூங்க வைத்திருக்கலாம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பிளான் செட்டிங்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு என்று போனால் ‘யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் பேட்டரிக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று என்று இரண்டு தேர்வு. பேட்டரிக்கு உள்ளதை ‘டிசேபிள்ட்’ ஆக்கிவிடுங்கள்.

ஏர்வாடி மாணவி: கல்லூரி புராஜெக்ட் அடிக்கிறேன். லேப்டாப்பை மூடித் திறந்தால் புளூடூத் கீபோர்டு சேர மறுக்கிறது. நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் அன்றைக்கு ஓடுகிறது, மறுநாள் அதே கதை. சில நேரம் புளூடூத் பொத்தானே காணாமல் போகிறது.

புளூடூத் பொத்தானே காணாமல் போவது முக்கியமான அடையாளம், கோளாறு கீபோர்டில் இல்லை, லேப்டாப்பின் புளூடூத்தில் இருக்கிறது. ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திற, அதில் புளூடூத் என்ற தலைப்பின் கீழ் அடாப்டரின் பெயர் இருக்கும். அதன் பிராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் என்ற பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைத்துக்கொள்ளலாம் என்று அனுமதிக்கிற ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடு. புதிய லேப்டாப்கள் சிலவற்றில் அந்தப் பக்கமே இருக்காது, அது உன் தவறில்லை, அந்த லேப்டாப்கள் தூங்கும் முறையே வேறு.

டிக் எடுத்தும் தீரவில்லை, அல்லது டிக்கே இல்லை என்றால் டிரைவரை, அதாவது புளூடூத்தை விண்டோஸோடு பேச வைக்கிற மென்பொருளை, மாற்ற வேண்டும். கூகுளில் தேடி முதலில் வருகிற ‘டிரைவர் அப்டேட்டர்’ எதையும் இறக்காதே, தங்கச்சி, இதை அழுத்தியே சொல்கிறேன், அப்படி இறக்கிப் புராஜெக்ட் கோப்புகளையே இழந்துவிடக் கூடாது. லேப்டாப் கம்பெனியின் சொந்த இணையதளத்தில், அடியில் ஒட்டியிருக்கிற மாடல் எண்ணை அடித்து, புளூடூத் டிரைவரை எடு. போட்டபின் ‘ரீஸ்டார்ட்’ கொடு. ‘ஷட் டவுன்’ கொடுத்துத் திரும்ப ஆன் செய்வது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கிற விண்டோஸ் அணைக்கும்போது தன் உள்நிலையைச் சேமித்து வைத்துக்கொண்டு அதையேதான் மறுபடி எடுத்து வைக்கும், ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும்.

அதுவரை புராஜெக்ட்டை நிறுத்தி வைக்காதே. தெரிந்தவர் வீட்டில் பழைய வயர் கீபோர்டு கட்டாயம் கிடக்கும், வாங்கி அடி.

மண்டபம் வாசகர்: படகில் வைக்கிற வி.எச்.எஃப். வாக்கி டாக்கி வீட்டில் சார்ஜில் கிடக்கிறது. பக்கத்தில் செல்போன் டவரும் உண்டு. இவற்றால் கீபோர்டு கட் ஆகுமா?

படகு வி.எச்.எஃப். 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பேசுவது, ஆபத்து அழைப்புக்கான 16-ம் சானல் 156.8. கீபோர்டு பேசுவதோ 2,400-க்கு மேல். சார்ஜில் சும்மா கிடக்கிற செட் அலையும் அனுப்பாது. வீட்டுக்கு வெளியே நிற்கிற டவரையும் விட்டுவிடுங்கள். ரிசீவருக்கு ஒரு முழத்துக்குள் இருக்கிற ரூட்டர், ஹார்ட் டிஸ்க் இவற்றைப் பாருங்கள். சமையலறைச் சுவருக்கு இந்தப் பக்கம் மேசை இருந்தால் மைக்ரோவேவ் அடுப்பையும் பார்க்கலாம், அது 2.45 கிகாஹெர்ட்ஸில் ஓடுவது. வி.எச்.எஃப். செட்டை மட்டும் கீபோர்டுக்காக அணைத்து வைக்காதீர்கள், அது கடலில் உயிர் காக்கிற பொருள்.

தேவிபட்டினம் வாசகர்: இ-சேவை மையம் தொடங்கப் போகிறேன். வயர் உள்ளதா, இல்லாததா?

வயர் உள்ளது. யோசிக்கவே வேண்டாம். முதியோர் உதவித்தொகை மனுவோடு ஒரு அம்மா வெயிலில் வரிசையில் நிற்கும்போது, ஆதார் எண்ணில் ஒரு இலக்கம் விட்டுப்போய் மனு திரும்பி வந்தால் அலையப்போவது அவர்தான். வயர் கீபோர்டில் செல் இல்லை, ரிசீவர் இல்லை, இரைச்சல் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. லேப்டாப் முழுதாக எழும் முன் பாஸ்வேர்டு கேட்கிற திரைகளிலும் அது வேலை செய்யும், புளூடூத் கீபோர்டு பல லேப்டாப்களில் அந்த இடத்தில் எழாது. வயரில்லாதது வேண்டுமென்றால் இரண்டாவதாக வாங்கி வையுங்கள், அதுவும் ரிசீவர் வகையாகவே.

வயர் கீபோர்டையும் உப்பு விடாது, ஆனால் அங்கே துடைக்க வேண்டியது ஒரே ஒரு யு.எஸ்.பி. முனைதான். மாதம் ஒரு முறை கழற்றித் துடைத்து மாட்டினால் போதும். வாங்கும்போது பில்லில் மாடல் எண்ணையும் தேதியையும் எழுதி, கடை முத்திரை போட்டுத் தரச் சொல்லுங்கள். அச்சு மங்குகிற பில்லாக இருந்தால் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், வாரன்டி கேட்கப் போகும் நாளில் வெள்ளைத்தாளை நீட்ட வேண்டியிருக்காது.